பெரியவர்களுக்கு மொபைல் பிளான்: ஜிபியைப் பார்க்கும் முன் வேலிடிட்டியைப் பாருங்கள்

பிளான்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முன் அந்தப் பெரியவருடைய போனை வாங்கிப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் நெட்வொர்க் பகுதியில் டேட்டா யூஸேஜைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று மாதவாரியாகத் தெரியும். ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தில் வரும் எண் மாதக் கணக்கு அல்ல. கடைசியாக ரீசெட் செய்த நாளிலிருந்து கூடிக்கொண்டே வந்த மொத்தம் அது. அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் ரீசெட்டைத் தட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால்தான் உருப்படியான கணக்கு கிடைக்கும்.

வீட்டில் வைஃபை இருந்து, அதிகம் வெளியே போகாதவர் என்றால் அந்த எண் பெரும்பாலும் வியப்பூட்டும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். வாட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்குச் சுமார் அரை எம்பி எடுக்கும். வீடியோ அழைப்பு ஏறக்குறைய 5 எம்பி. தினமும் அரை மணி நேரம் பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசினால் மாதத்துக்கு நாலரை ஜிபி. அதுவும் வைஃபையில் பேசாமல் மொபைல் டேட்டாவில் பேசினால்தான். உண்மையில் டேட்டாவைக் குடிப்பது யூடியூப். 480பி தரத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் அரை ஜிபியும் அதற்கு மேலும் போகும். யூடியூப் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க்குக்கான வீடியோ தரத்தை டேட்டா சேவர் என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்டு டேட்டா பகுதிக்குப் போய், மொபைல் டேட்டாவில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். காலை வணக்கப் படங்கள் குவியும் குடும்பக் குழுக்கள் இருந்தால் இந்த ஒரு மாற்றமே போதும். ஐபோனில் வைஃபை அசிஸ்ட் என்று ஒன்று உண்டு. வைஃபை பலவீனமானால் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அதையும் அணைத்துவிடுங்கள்.

இனி விலை. 28 நாள் பிளானை மாத பிளான் என்று நினைத்து 12ஆல் பெருக்குவது வழக்கமான தவறு. வருடத்துக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கும். எல்லா பிளானையும் 365 நாளுக்குக் கணக்கிட்டு, வரி, சிம் கட்டணம், இணைப்புக் கட்டணம், போன் தவணை இருந்தால் அது எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். 'முதியோர் சலுகை' என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பல நேரங்களில் அது பெரிய அன்லிமிடெட் பிளானின் விலையில் கொஞ்சம் தள்ளுபடி, அவ்வளவுதான். சலுகை எதுவும் இல்லாத சாதாரணச் சின்ன பிளான் அதைவிட மலிவாக இருக்கும். இரண்டு இணைப்பு எடுத்தால்தான் அந்த விலை என்ற நிபந்தனையும் ஒளிந்திருக்கலாம்.

பெரியவர்களுக்கு டேட்டா தீர்ந்தால் பெரிய நஷ்டமில்லை; வேலிடிட்டி தீர்ந்தால்தான் ஆபத்து. முதலில் வெளியே பேச முடியாது. பிறகு உள்ளே வரும் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நிற்கும். அதோடு வங்கி ஓடிபியும் நிற்கும். நீண்ட நாள் அப்படியே விட்டால் எண்ணே வேறொருவருக்குப் போய்விடும். வங்கி, மருத்துவமனை, அடையாள ஆவணம் எல்லாம் அந்த எண்ணோடுதான் பிணைந்திருக்கும். எனவே குறைந்த டேட்டாவோடு நீண்ட வேலிடிட்டி தரும் பிளான்தான் இவர்களுக்குச் சரி. ஆட்டோ பே போட்டிருந்தாலும் கார்டு காலாவதியாகும் தேதியை உங்கள் காலண்டரில் குறித்து வையுங்கள். கார்டு மாறிய மாதத்தில்தான் இது சத்தமில்லாமல் அறுந்துபோகும்.

போஸ்ட்பெய்டா, ப்ரீபெய்டா என்றால் என் ஓட்டு ப்ரீபெய்டுக்கே. தெரியாமல் எதையாவது தட்டினாலும் இழப்பு கையிருப்போடு நின்றுவிடும். போஸ்ட்பெய்டில் அதே தவறு பில்லாக வரும். போஸ்ட்பெய்டுதான் வேண்டும் என்றால், டேட்டா வரம்பு தாண்டியதும் கூடுதல் கட்டணம் போடும் பிளானை விட்டுவிட்டு, வேகத்தை மட்டும் குறைக்கும் பிளானை எடுங்கள். அன்லிமிடெட் கால் என்பது பெரும்பாலும் உள்நாட்டு அழைப்புக்கு மட்டும். வெளிநாட்டு எண்ணும் சிறப்புக் கட்டண எண்களும் அதில் சேராது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், தவறிய அழைப்பைப் பார்த்துத் திருப்பி அழைப்பதில்தான் பணம் கரையும். அழைப்புப் பட்டியலில் வாட்ஸ்அப் எது, சாதாரண அழைப்பு எது என்று அவர்களுக்கு அடையாளம் காட்டுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையே இல்லையென்றால் நிறுவனத்திடம் சொல்லித் தடுத்துவிடலாம். காலர் டியூன், ஜோதிடம், கிரிக்கெட் ஸ்கோர் போன்ற சந்தாக்கள் ஓடுகின்றனவா என்றும் கடைசி சில மாதக் கட்டணப் பட்டியலில் தேடுங்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று, குரலின் தரம். பழைய முறை அழைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் கடத்தும்; ஹெர்ட்ஸ் எண் கூடக் கூட ஒலி கீச்சென்று இருக்கும். ஸ, ஃப போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. வயதாகும்போது முதலில் குறைவதும் இந்தக் கீச்சொலிகளைக் கேட்கும் திறன்தான். அதனால்தான் 'குரல் கேட்குது, என்ன சொல்றேன்னு புரியல' என்கிறார்கள். 4ஜி வலையிலேயே போகும் அழைப்புக்கு வோல்ட்டி (VoLTE) என்று பெயர். அதில் கிடைக்கும் எச்டி வாய்ஸ் என்ற தெளிவான குரல் வசதி 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும். இரண்டு முனையிலும் அது இருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பிளானை மாற்றாமலே, செட்டிங்ஸில் வோல்ட்டியை ஆன் செய்தாலே பலருக்குப் பாதிக் குறை தீரும்.

வோல்ட்டிக்கு இன்னொரு அவசியமும் உண்டு. 2ஜி, 3ஜி வலைகளைப் பல நாடுகளில் மூடிவிட்டார்கள், மூடி வருகிறார்கள். போனில் 4ஜி இருந்தும் வோல்ட்டி இல்லையென்றால், இணையம் ஓடும், அழைப்பு போகாது. பட்டன் போன் வாங்கும்போது பெட்டியில் 4ஜி என்று இருப்பது மட்டும் போதாது. எடுக்கப்போகும் நிறுவனத்தின் வலையில் அந்த மாடலுக்கு வோல்ட்டி வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சிக்னலைக் கவரேஜ் வரைபடத்தில் பார்த்து நம்பாதீர்கள். ஒரு மலிவான ப்ரீபெய்ட் சிம்மை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, அவர் படுக்கும் அறை, குளியலறை வாசல், நடக்கப் போகும் பாதை எல்லாவற்றிலும் பேசிப் பாருங்கள். விழுந்தால் அழைக்க வேண்டிய இடங்கள் அவை. உள்ளே சிக்னல் தேறவில்லை என்றால் வீட்டு வைஃபை வழியாகவே சாதாரண அழைப்பு போகும் வைஃபை காலிங் தரும் பிளானா என்று பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மின்சாரம் போனால் ரவுட்டரோடு அதுவும் போய்விடும். பெரிய நிறுவனத்தின் டவரையே வாடகைக்கு எடுத்து மலிவாகத் தரும் சின்ன நிறுவனங்கள் இவர்களுக்கு நல்ல தேர்வு. நெரிசல் நேரத்தில் இணைய வேகம் குறையலாம் என்பதுதான் குறை, குறைந்த டேட்டாக்காரருக்கு அது பொருட்டே அல்ல.

நிறுவனம் மாற்றுவதாக இருந்தால் பழைய இணைப்பை முதலில் ரத்து செய்யவே கூடாது, எண் போய்விடும். பாக்கி இருந்தால் கட்டிவிட்டு, அதே எண்ணோடு நிறுவனம் மாறுவதற்கான போர்ட்டிங் குறியீட்டை வாங்கிப் புதிய நிறுவனத்திடம் கொடுங்கள். பழைய இணைப்பு தானாக முடியும். பெயரும் பிறந்த தேதியும் இரண்டு இடத்திலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பிசகினால் விண்ணப்பம் திரும்பி வரலாம். சிம் மாறும் நேரத்தில் சில மணி நேரம் ஓடிபி வராது என்பதால் ஓய்வூதியம், மருந்துச் சீட்டு, டாக்டர் நேரம் என்று எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து மாற்றுங்கள். புதிய சிம்மில் முதல் வங்கி ஓடிபி வந்து சேர்ந்த பிறகு பழைய சிம்மைத் தூக்கி எறியலாம்.