பெட்ரோலில் தண்ணீர் இருந்தால்?

செஸ்னா 172 எஸ் என்ற சிறு விமானம் கிளம்புமுன் சுற்றிப் பார்ப்பதில் பலரும் அவசரப்படும் இடம் எரிபொருள் சோதனைதான். ஒவ்வொரு இறக்கைக்கும் 5, வயிற்றுக்கடியில் 3, ஆக 13 வடிகால் வால்வுகள். குனிந்து நிமிர்ந்து முதுகு விட்டுப்போகும். ஆனாலும் ஒன்றைக்கூட விடக்கூடாது.

சாம்பிள் கப்பில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். 100 எல்எல் என்ற விமான பெட்ரோல் இளநீலம். தண்ணீர் கனம் என்பதால் அடியில் குமிழாக உருண்டு நிற்கும். கப் முழுக்கத் தண்ணீரே வந்துவிட்டால் பிரியும் கோடு தெரியாது, பளிச்சென்று சுத்தமாக இருக்கும். ஏமாறுவது அங்கேதான். நீலம் இருக்கிறதா, வாசனை வருகிறதா பாருங்கள். தண்ணீர் வந்தால் நிற்கும்வரை வடியுங்கள். மழைக்குப் பிறகு என்றால் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். வெடித்திருந்தால் தண்ணீர் இறங்கிய வழி அதுதான்.

கேஜை நம்பாமல், மேலே ஏறி அளவுகோல் விட்டே பெட்ரோலைப் பாருங்கள். இன்ஜின் ஆயில் 5 குவார்ட்டுக்கு (சுமார் 4.7 லிட்டர்) கீழே இருந்தால் கிளம்பக்கூடாது. வேகம் காட்ட உதவும் பிட்டோ குழாயின் உறையைக் கழற்றியாயிற்றா?

புரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே நினையுங்கள். இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால், சாவி ஆஃபில் இருந்தாலும் கையால் சுற்றும்போது இன்ஜின் உதைக்கும்.