142857: மீதியைப் பார்க்கச் சொன்னவர்

கணித மாஸ்டர் மறைந்துவிட்டார் என்ற செய்தியும், நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்ற வேண்டுகோளும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. அவருடைய சேவையை முறையாக எழுதத் தகுந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. எனக்கு மாஸ்டர் என்றால் 142857 என்ற எண்தான் நினைவுக்கு வரும். அதை மட்டும் எழுதுகிறேன்.

அந்த எண்ணின் வித்தையை எங்கோ வாசித்துவிட்டு வந்து வகுப்பில் காட்டியவன் நான்தான். இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் 428571. ஆறு வரை எதனால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள் வரிசை குலையாமல் சுழன்று வரும். ஏழால் பெருக்கினாலோ 999999. பின்வாங்குக்காரர் கைதட்டினார்கள். மாஸ்டர், "ஏன் சுழலுகிறது?" என்று மட்டும் கேட்டார். நான் புதுக் கல்குலேட்டரை எடுத்து ஒன்றை ஏழால் வகுத்தேன். 0.1428571 என்பதோடு அது நின்றது. "அதற்கு அவ்வளவுதான் மூச்சு. மிச்சத்தை நீ வந்து முடி" என்று வெண்கட்டியை நீட்டினார். அந்தப் பாடவேளை முழுவதும், பக்கத்து வகுப்பு யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரிக்க, கீழ்வகுப்புப் பிள்ளையைப் போல நின்று வகுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஈவை அழித்துவிட்டு மீதிகளை மட்டும் எழுதச் சொன்னார்: 3, 2, 6, 4, 5, 1. ஏழால் வகுக்கும்போது பூச்சியமல்லாத மீதிகள் ஆறுதான் இருக்க முடியும். ஆறும் ஒவ்வொரு முறை வந்து, ஒன்றை அடைந்ததும் பழைய பாதையே மீண்டும் தொடங்குகிறது. மூன்றை ஏழால் வகுப்பதென்றால் அதே வட்டத்தில் 3 என்ற மீதியிலிருந்து புறப்படுவதுதான், ஆகவேதான் 428571. பாதி வழியில் மீதி 6 ஆகி, தொடக்கத்து 1 உடன் சேர்ந்து 7 ஐ நிரப்புவதால், அங்கிருந்து வரும் இலக்கங்கள் முதற் பாதியை ஒன்பதுகளாக நிரப்பிவிடுகின்றன: 142 உடன் 857 ஐக் கூட்டினால் 999. பதின்மூன்றில் இந்த ஒற்றை வட்டம் 076923, 153846 என இரண்டாக உடைந்துவிடும். பதினேழில் மீண்டும் ஒரே வட்டம், பதினாறு இலக்கங்கள். அதையும் நானே வகுக்க நேர்ந்தது என்பதை என் வகுப்புத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கடல் கடந்து வந்து கணக்காளனானேன். இங்கே எல்லாமே இரண்டு தசம தானங்களுக்கு மட்டந்தட்டப்படும். ஏழில் ஒரு பங்கு என் மேசையில் வெறும் 0.14. மீதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்டால் வேலை நடக்காது.

விடைபெறப் போனபோது மாஸ்டர் கேட்டது வேறு: 7, 17, 19, 23, 29 என்று முழு வட்டம் அடிக்கும் முதன்மை எண்கள் முடிவில்லாமல் உண்டா? உண்டு என்பதை உள்ளடக்கிய ஊகத்தை எமில் ஆர்ட்டின் என்ற கணிதவியலாளர் 1927 இலேயே முன்வைத்திருந்தார் என்பதை இங்கு வந்துதான் அறிந்தேன். 1967 இல் ஹூலி அதை நிறுவினார், ஆனால் இன்னும் நிறுவப்படாத பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோளை நம்பித்தான். 1986 இல் வெளிவந்த ஹீத்-பிரவுனின் முடிவின்படி, நம் தசம எண்முறையின் அடியான பத்தின் இடத்தில் 2, 3, 5 ஆகியவற்றை வைத்துக் கேட்டால், மூன்றில் ஒன்றுக்காவது விடை 'ஆம்'. எதற்கு என்றுதான் சொல்ல முடியாது. இதைச் சொல்லி மகிழ இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை. மாஸ்டரிடம் சொல்லியிருந்தால், அந்த மூன்றில் பத்து இல்லையே என்று உடனே குறை கண்டிருப்பார்.