சில்கெபோர்க்கில் ஒரு வெள்ளைப் போர்க்களம்

ஆர்ஹுஸிலிருந்து சில்கெபோர்க்குக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஏரியும் காடும் சூழ்ந்த டென்மார்க்கின் சிறு நகரம். படகில் போகத்தான் கோடையில் கூட்டம் வரும். நான் போனது ஆஸ்கர் யோர்ன் என்ற ஓவியருக்காக. அவர் பெயரில் இங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

1948 நவம்பர் 8 அன்று பாரீஸில் ஒரு காபிக் கடையில் ஆறு பேர் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். யோர்ன், டச்சு ஓவியர்களான காரல் அப்பெல், கான்ஸ்டன்ட் எல்லாரும் அதில் உண்டு. கோபன்ஹேகன், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்று தங்கள் ஊர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'கோப்ரா' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். போரைப் பார்த்த தலைமுறை அது. அளவெடுத்துக் கோடு போடும் ஓவியம் அவர்களுக்குச் சலித்துவிட்டது. குழந்தைகளின் கிறுக்கலிலும் நாட்டார் கலையிலும் உயிர் இருப்பதாக நம்பினார்கள். திட்டமிடாமல், கை போன போக்கில், நிறத்தை நிறமாகவே கொட்டினார்கள்.

மூன்றே ஆண்டில் குழு கலைந்தது. அதே 1951-ல் வறுமையும் காசநோயுமாக யோர்ன் இந்த ஊர் சானடோரியத்தில் வந்து படுத்தார். பிழைத்து எழுந்தவர் ஊரை மறக்கவில்லை. தன்னுடையதும் பிறருடையதுமாக 5,000-க்கும் அதிகமான கலைப்படைப்புகளை இந்த ஊருக்கே கொடுத்துவிட்டார்.

அவற்றில் எனக்கு முக்கியமானது 'ஸ்டாலின்கிராட்'. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையும் சோவியத் படையும் மோதிய நகரத்தின் பெயர் அது. ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம். தூரத்திலிருந்து பார்த்தால் அழுக்கேறிய பனிதான் தெரிகிறது. ஆளில்லை, துப்பாக்கியில்லை. காவலரின் பார்வை எட்டும் எல்லைவரை நெருங்கிப் போனேன். பலமுறை சுண்ணாம்பு அடித்த பழைய வீட்டுச் சுவரில் பொருக்கு உதிர்ந்த இடத்தில் பழைய நிறம் எட்டிப் பார்க்குமே, அப்படி வெள்ளைக்கு அடியில் மஞ்சளும் நீலமும் கொஞ்சம் சிவப்பும். மேலே கறுப்புத் திட்டுகள். சில இடங்களில் பெயின்ட் தடித்துக் கிடக்கிறது, சில இடங்களில் சுரண்டியதுபோல மெலிந்திருக்கிறது.

ஒரே மூச்சில் வரைந்தது போலத்தான் இருக்கிறது. ஆனால் 1950-களின் நடுவில் தொடங்கிய படத்தில் யோர்ன் கடைசியாகத் தூரிகை வைத்தது 1972-ல். மறு ஆண்டு இறந்துபோனார். 'சும்மா கிறுக்கியிருக்கிறார்கள்' என்று இந்த வகை ஓவியத்தை ஒதுக்குபவர்களை இந்தப் படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். அந்தந்த நொடியில் கை செய்ததை அவர் நம்பினார். பல ஆண்டு கழித்து இன்னொரு நொடி வந்தபோது அதையும் நம்பினார். அப்படிச் சேர்ந்ததுதான் இத்தனை வெள்ளை.

இதே மனிதர்தான் 1964-ல் அமெரிக்காவின் குகன்ஹைம் அறக்கட்டளை ஓவியத்துக்குத் தந்த பரிசைத் தந்தி அடித்து மறுத்தவர். படத்தைப் பார்த்த பிறகு அதில் வியப்பில்லை.

ஆர்ஹுஸில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்காக 1959-ல் அவர் செய்த பீங்கான் சுவர் 27 மீட்டர் நீளம். இத்தாலியின் அல்பிசோலாவில் ஈரக் களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் ஸ்கூட்டரையே ஓட்டியிருக்கிறார். திரும்பும் வழியில் அதைத்தான் பார்க்கக் கிளம்பினேன்.