தொராஜாவில் ஒரு சாவு வீடு

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், மக்காசரிலிருந்து இரவு பஸ் பிடித்தால் விடியும்போது ரந்தேபாவோ வந்துவிடும். தொராஜா மக்களின் மலைநாடு. ஜூலை, ஆகஸ்டில் போனால் எங்காவது சாவுச் சடங்கு நடந்துகொண்டிருக்கும், வெளியூரில் வேலைபார்ப்பவர்கள் லீவு போட்டு வரத் தோதாக அப்போதுதான் வைக்கிறார்கள். ஆள் இறந்தது போன வருஷமாக இருக்கலாம், அதற்கும் முந்தியும் இருக்கலாம்.

நம் ஊரில் பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும், ஒரு ராத்திரி தங்கினாலே ஐஸ்பெட்டி சொல்லியாச்சா என்பார்கள். இவர்கள் உடம்புக்கு ஃபார்மலின் போட்டு வீட்டு அறையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். சடங்கு தொடங்கும்வரை அவர் செத்தவர் கணக்கில் வரமாட்டார், முடியாமல் படுத்திருக்கிறார், அவ்வளவுதான். வேளாவேளைக்குச் சாப்பாடும் காப்பியும் பக்கத்தில் போய்விடும். இத்தனைக்கும் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள். போதகர் ஜெபமும் உண்டு, எருமை வெட்டும் உண்டு.

நான் போன வீட்டில் மூங்கில் கொட்டகைகள் போட்டு நம்பர் எழுதியிருந்தார்கள். மூங்கிலில் கட்டிய பன்றிகள் கத்திக்கொண்டே தோளில் வந்திறங்க, யார் கொண்டுவந்தது, எவ்வளவு பெரியது என்று ஒருவர் நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். அசல் மொய் நோட்டு! எருமை என்றால் கொம்பு நீளத்தைக் கையை வைத்து அளக்கிறார்கள், கொண்டுவந்தவர் வீட்டில் சாவு விழும்போது அதே அளவில் திருப்ப வேண்டுமே. வெட்டும் உருப்படிக்கு அரசாங்க வரி வேறு. கறுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக இருக்கும் எருமைக்குத்தான் மவுசு, நல்லது ஒன்று கார் விலை போகும். இதற்காகக் கடனில் விழுந்த குடும்பங்கள் ஏராளம். கௌரவம் என்று வந்துவிட்டால் எந்த ஊரிலும் கணக்கு ஒன்றுதான் போல.

வெட்டு மட்டும் என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. முன்னங்காலைக் குச்சியில் கட்டி, கழுத்தில் ஒரே வீச்சு. சின்னப் பையன்கள் மூங்கில் குழாயோடு ரத்தம் பிடிக்க ஓடுகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. அப்புறம் அந்தஸ்துப்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கறியைப் பங்கு போடுகிறார்கள், எந்தத் துண்டு யாருக்கு என்பதில் மனஸ்தாபமே வருமாம்.

போகிறவர்கள் கறுப்பு உடை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். வெறுங்கையோடு வேண்டாம், ஒரு சிகரெட் பண்டலோ சர்க்கரையோ போதும். கொட்டகையில் உட்காரவைத்துக் காப்பி தருவார்கள், தொராஜா காப்பி பிரமாதம்.