பக்கத்து வீட்டு ரேடானும் என் வீட்டு ரேடானும்

அடுத்த வீட்டில் சோதித்துப் பார்த்து ரேடான் குறைவு என்றார்கள், அப்போ நமக்கும் பிரச்சினை இல்லை என்று ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டேன். அசட்டுத்தனம். மண்ணிலிருக்கும் யுரேனியம் சிதைந்து வருகிற கதிரியக்க வாயு இந்த ரேடான். நிறமில்லை, மணமில்லை, தரையில் எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கே ஏறிவிடும். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீடுகளில்கூட அளவு வேறாக இருக்கலாம்.

சரி என்று ரேடானைப் பிடித்து அளக்க உதவும் ஒரு கரி டப்பா வாங்கி நிலவறையில் ஸ்டூல் மேல் வைத்தேன். 12 மணி நேரம் முன்பே ஜன்னல்களை மூடி, சோதனை முடிகிற வரை மூடியே வைக்க வேண்டும். இரண்டாம் நாள் பையன் புழுக்கமாக இருக்கிறது என்று இரண்டு ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டான்! புது டப்பா, மறுபடி முதலிலிருந்து.

வந்தது கன மீட்டருக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). உலக சுகாதார நிறுவனம் 100 என்கிறது, அது முடியாத நாடுகளில்கூட 300ஐத் தாண்டக் கூடாதாம். அமெரிக்காவில் 148ஐத் தொட்டாலே சரிசெய்யச் சொல்கிறார்கள். பல நாடுகளில் புகைப்பழக்கத்துக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் இதுதான், வீட்டில் புகைப்பவர் இருந்தால் இன்னும் மோசம்.

டார்ச் அடித்துப் பார்த்தால், தண்ணீர்க் குழாய் நுழைகிற இடத்தில் என் சுண்டுவிரல் போகிற அளவுக்கு இடைவெளி. அதை அடைத்தால் மட்டும் போதாது, தரைக்கு அடியிலிருந்து குழாய் வைத்து மின்விசிறியால் கூரைக்கு மேலே இழுத்துவிட வேண்டும். ஆள் வருகிறார் வியாழக்கிழமை. அப்புறம் மறுபடி டப்பா. ஜன்னல்களுக்கு இந்த முறை டேப் ஒட்டப் போகிறேன்.