ரஸ்ட் புத்தகத்தைத் தமிழ் ஸ்ட்ரிங் போட்டுப் படித்த அனுபவம்

ரஸ்ட் என்கிற புரோகிராமிங் மொழியை எங்கிருந்து தொடங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் ‘தி புக் படி’ என்பார்கள். முழுப்பெயர் ‘தி ரஸ்ட் புரோகிராமிங் லாங்வேஜ்’. ஸ்டீவ் கிளாப்னிக், கரோல் நிக்கல்ஸ் இருவரும் எழுதியது. இப்போதைய இணையப் பதிப்பில் கிறிஸ் கிரைச்சோவின் பெயரும் சேர்ந்திருக்கிறது. 2018-ல் நோ ஸ்டார்ச் பிரஸ் அச்சிட்டது, 2023-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. இணையத்தில் முழுவதும் இலவசம். ரஸ்டை வழக்கமான முறையில் நிறுவினால் புத்தகமும் கூடவே கணினிக்கு வந்துவிடுகிறது. டெர்மினலில் ‘ரஸ்டப் டாக்’ கட்டளைக்கு ‘புக்’ என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் பிரவுசரில் திறக்கும், நெட் வேண்டாம். ரயிலில் போகும்போதெல்லாம் நான் படித்தது அப்படித்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ரஸ்டுக்குப் புதியவர்களுக்கான புத்தகம், புரோகிராமிங்குக்கே புதியவர்களுக்கானது இல்லை. வேறு ஏதாவது ஒரு மொழியில் கோட் எழுதியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். எனக்குப் பைத்தான் தெரியும். ஓசிஆர் செய்த (படத்திலிருந்து எழுத்தாக மாற்றிய) தமிழ்ப் பக்கங்களைத் திருத்துவதுதான் அன்றாட வேலை. அதனால் புத்தகத்தில் எங்கெல்லாம் ஆங்கில ஸ்ட்ரிங் (எழுத்துகளால் ஆன தரவு) வருகிறதோ அங்கெல்லாம் தமிழைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். விளையாட்டாகத் தொடங்கியது, கடைசியில் அதுதான் எனக்குப் பாடமே நடத்தியது.

இரண்டாம் அத்தியாயம் ஓர் எண் விளையாட்டு. 1 முதல் 100-க்குள் கணினி ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும், நாம் கண்டுபிடிக்க வேண்டும். பாதி விஷயங்களை விளக்காமலே கடந்துபோகிறார்கள், அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். முதல் நாளே ஓடுகிற ஒரு நிரல் கையில் இருக்கும். நான் ‘௪௨’ என்று தமிழ் எண்ணில் அடித்துப் பார்த்தேன். ‘இன்வேலிட் டிஜிட்’ என்று சொல்லி நிரல் விழுந்தது. எண்ணாக மாற்றும் ‘பார்ஸ்’ 0 முதல் 9 வரையிலான வழக்கமான இலக்கங்களை மட்டுமே ஏற்கும். அதே ‘௪’ எழுத்தைத் தனியாக எடுத்து ‘இஸ் நியூமெரிக்’ என்று கேட்டால் மட்டும் ‘ஆம்’ என்கிறது!

மூன்றாவது அத்தியாயம் மாறி, லூப், ஃபங்ஷன். வேகமாகப் போய்விடலாம். 2021-ல் வந்த 1.53 பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘வயது’ என்று ஒரு மாறி வைத்து ஓட்டினேன், கம்பைலர் (கோடைச் சரிபார்த்து ஓடும் நிரலாக மாற்றும் மென்பொருள்) முணுமுணுக்கவில்லை. ஆபீஸ் கோடில் செய்தால் டீமில் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

எல்லோரும் பயமுறுத்துகிற ஓனர்ஷிப், அதாவது ஒரு தரவுக்கு ஒரு நேரத்தில் ஒரே மாறிதான் சொந்தம் என்கிற விதி, நான்காவது அத்தியாயம். அதில் வருகிற ஒரு படத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரிங்குக்கு ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் மூன்றே விஷயங்கள் இருக்கின்றன: பாயின்டர் (எழுத்துகள் இருக்கும் முகவரி), நீளம், கொள்ளளவு. உண்மையான எழுத்துகள் ஹீப் என்ற இன்னொரு நினைவகப் பகுதியில் கிடக்கின்றன. ஒரு மாறியை இன்னொன்றுக்குக் கொடுத்தால் இந்த மூன்று மட்டும் நகலாகும், ஹீப்பில் இருப்பது அப்படியே இருக்கும். இரண்டு மாறிகளையும் செல்லுபடியாக விட்டால், ஸ்கோப் (மாறி செல்லும் எல்லை) முடியும்போது இரண்டும் போய் ஒரே இடத்தை விடுவிக்கப் பார்க்கும். அதனால்தான் பழைய மாறி அந்த நொடியே செல்லாது என்கிறார்கள். இந்தக் காரணம் புரிந்தபின் 0382 பிழை வந்தால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. எந்த வரியில் கைமாறியது, எந்த வரியில் திரும்பத் தொட்டாய், குளோன் (முழு நகல்) செய்தால் தீருமா என்று கம்பைலரே கோடு போட்டுக் காட்டிவிடும்.

கம்பைல் ஆகாத கோடுக்குப் பக்கத்தில் ஃபெர்ரிஸ் என்கிற நண்டின் படம், தலைக்கு மேல் கேள்விக்குறிகளோடு இருக்கும். அந்த நண்டைப் பார்த்தால் கீழே படிக்காதீர்கள். கோடை அடித்து, எந்த வரி உதைக்கும் என்று ஊகித்துவிட்டு ஓட்டுங்கள். புத்தகத்தை வெறுமனே படித்தவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான்.

அதே அத்தியாயத்தில் ஒரு வாக்கியத்தின் முதல் சொல்லைப் பிரித்தெடுக்கும் ஃபங்ஷன் வருகிறது. ஸ்ட்ரிங்கைப் பைட் பைட்டாக நடந்து, இடைவெளி வருகிற இடத்தில் வெட்டுகிறது. பைட்டாக நடந்தால் தமிழ் சிதறிவிடும் என்று எதிர்பார்த்து ‘மழை வருது’ கொடுத்தேன். ‘மழை’ என்று சுத்தமாக வந்தது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்; அந்த மூன்றுமே 127-க்கு மேற்பட்ட மதிப்புகள். இடைவெளியின் மதிப்பு 32. ஆகவே ஓர் எழுத்தின் நடுவில் போலியான இடைவெளி அகப்படவே வாய்ப்பில்லை.

ஸ்லைஸ், அதாவது ஸ்ட்ரிங்கின் ஒரு துண்டு, எடுக்கும்போது கதை மாறியது. புத்தகத்தில் 0 முதல் 5 வரை வெட்டுகிறார்கள். நான் ‘வணக்கம்’ போட்டேன். நிரல் பேனிக் ஆனது: 5-ஆவது பைட் எழுத்தின் எல்லையில் இல்லை, 3 முதல் 6 வரை உள்ள ‘ண’-வுக்குள் இருக்கிறது என்று. ‘ண’ என்ற எழுத்தையே பெயர் சொல்லிக் காட்டியது. அரைகுறை எழுத்தைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் எங்கேயோ கட்டம் கட்டமாகத் தெரிய வைப்பதைவிட, இப்படி முகத்துக்கு நேரே விழுவது எவ்வளவோ மேல். ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துகளை மட்டும் வைத்துத்தான் இந்தப் பகுதி, மற்றது 8-ஆம் அத்தியாயத்தில் என்று புத்தகமும் சொல்லித்தான் இருக்கிறது.

அந்த எட்டாவது அத்தியாயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தேவநாகரியில் ‘நமஸ்தே’ எழுதி, அது 18 பைட், 6 ‘கார்’ (யூனிகோட் குறி), ஆனால் மனிதர் கண்ணுக்கு 4 எழுத்து என்று மூன்று விதமாக எண்ணிக் காட்டுகிறார்கள். நம் ‘வணக்கம்’ 21 பைட், 7 கார், 5 எழுத்து. பைத்தானில் இத்தனை காலம் ‘லென்’ என்று கேட்டு 7 வாங்கிக்கொண்டிருந்தேன். ரஸ்டில் ‘லென்’ 21 என்கிறது. கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாக எண்ணுவது சிக்கலான வேலை, அதனால் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் வைக்கவில்லை, கிரேட் (பிறர் எழுதித் தரும் லைப்ரரி) தேடிக்கொள் என்கிறது புத்தகம்.

அத்தியாயக் கடைசியில் பயிற்சியாக ‘பிக் லத்தீன்’ எழுதச் சொல்கிறார்கள், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளின் ரகசிய மொழி. நமக்குத்தான் க-பாஷை இருக்கிறதே என்று அதை எழுதினேன். விதி எளிது: ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு ‘க’, மெய்யெழுத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். முதலில் ‘கார்’ வாரியாக ஓட்டினேன்; துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் முன்னால் ‘க’ ஒட்டிக்கொண்டு கண்றாவியாக வந்தது. பிறகு ‘யூனிகோட் செக்மென்டேஷன்’ என்ற கிரேட்டைச் சேர்த்து, கிராஃபீம் கிளஸ்டராக (கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாக) பிரித்து, புள்ளியில் முடிகிறதா என்று மட்டும் பார்த்தேன். ‘வணக்கம்’ கொடுத்தால் ‘கவகணக்ககம்’. ‘ஸ்ரீ’யை அது இரண்டாகத்தான் எண்ணுகிறது, அதற்குச் சண்டை போடத் தோன்றவில்லை. பிக் லத்தீனை எழுதியிருந்தால் முதல் எழுத்தை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பேன்.

எனக்கு மூச்சு முட்டியது ஓனர்ஷிப்பில் இல்லை, பத்தாவது அத்தியாயத்தின் லைஃப்டைமில் (ஒரு ரெஃபரன்ஸ் எதுவரை செல்லும் என்ற கணக்கு). இரண்டு ஸ்ட்ரிங் ஸ்லைஸ்களில் நீளமானதைத் திருப்பித் தரும் ஒரு சின்ன ஃபங்ஷன், அதைக் கம்பைலர் ஏற்க மறுக்கிறது. மேற்கோள் குறி போட்ட அந்த ‘ஏ’ எதற்கு என்று திரும்பத் திரும்பப் படித்தும் பிடிபடவில்லை. தெளிந்தது இப்படி: அழைக்கிற இடத்தைச் சரிபார்க்கும்போது கம்பைலர் ஃபங்ஷனின் தலைப்பு வரியை மட்டுமே பார்க்கிறது, உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லை. திரும்பி வருவது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஆகவே எது சீக்கிரம் மறைகிறதோ அதுவரைதான் செல்லும் என்பதை நாம் தலைப்பிலேயே எழுதித் தருகிறோம். அந்தக் குறி எதன் ஆயுளையும் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. (‘வானம்’ என்பதையும் எட்டெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றையும் கொடுத்தேன். வானம்தான் நீளம் என்றது. 15 பைட் ஆயிற்றே.)

லைஃப்டைமோடு புத்தகத்தை மூடிவிட நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், பன்னிரண்டு வரை வந்துவிடுங்கள். அங்கே ‘மினிகிரெப்’ என்று ஒரு கோப்புத் தேடல் கருவியைக் கட்டுகிறார்கள். எல்லாம் ஒரே கோப்பில் அலங்கோலமாகத் தொடங்கி, பிரித்து, டெஸ்ட் எழுதி, பிழைச் செய்தியைத் தனி வழியில் அனுப்புவது வரை போகும். ஏழாவது அத்தியாயத்தில் சலிப்பூட்டிய மாட்யூல் விஷயம் எதற்கு என்று இங்கேதான் தெரிந்தது. அதில் நாமே எழுதிய குளோனைப் பதின்மூன்றில் இட்டரேட்டர் (ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது) வைத்து எடுத்துவிடுகிறார்கள், அது அழகு. என் தமிழ்க் கோப்பில் ‘மர’ என்று தேடினால் ‘மர்மம்’ உள்ள வரியும் வந்தது. ர-வுக்குப் பின்னால் வரும் புள்ளி தனிக் குறி என்பதால் அதற்கு முன்வரை பொருந்திவிடுகிறது. அதையும் கிளஸ்டராகப் பிரித்துத்தான் சரிசெய்தேன்.

பதினைந்தில் ஸ்மார்ட் பாயின்டர். ‘ரெஃப்செல்’ கம்பைல் நேர விதியை ஓடும் நேரத்துக்குத் தள்ளிவைக்கிறது என்ற ஒரு வரி போதும், முதல் வாசிப்பில் அதற்கு மேல் துருவ வேண்டாம். பதினேழில் வரும் அசிங்க் (காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை பார்க்கும் முறை) பகுதியை நான் தாண்டிவிட்டேன். பின்னர் வருகிற எதற்கும் அது தடையாக இல்லை.

இருபத்தொன்றாவது, கடைசி அத்தியாயம், வெறும் கையால் ஒரு வெப் சர்வர். ‘ஹலோ’ பக்கத்தைத் தமிழில் எழுதி வைத்தேன். பதிலின் தலைப்பில் ‘கன்டென்ட் லென்த்’ என்று பக்கத்தின் அளவைச் சொல்ல வேண்டும், புத்தகம் அங்கே ‘லென்’ போடுகிறது. எச்டிடிபி கேட்பது பைட் கணக்கு, ரஸ்ட் தருவதும் பைட் கணக்கு, தமிழ்ப் பக்கம் கடைசி வரி வரை வந்தது. பைத்தானில் ஸ்ட்ரிங்கின் ‘லென்’னை அப்படியே போட்டிருந்தால் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அதற்கு அடுத்து வரும் த்ரெட் பூல் (பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் ஏற்பாடு) பகுதி முழுவதும் ஓடுகிறது, ஆனால் பார்க்காமல் என்னால் எழுத முடியாது. இப்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதைத்தான் முதலிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன்.