ஜோகோன் வளாகமும் சர்வே ஸயாவும்

எங்களுக்கு நில அளவை சொல்லித்தந்த ஆசிரியர், நாங்கள் பர்மிய வழக்கில் சர்வே ஸயா என்று அழைத்தவர், காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்த அதே வாரம்தான் கல்லூரி நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் போன் செய்தார். வேறு எதைப் பற்றி எழுதுவது?

நம் கல்லூரியின் கதை எல்லோருக்கும் தெரியும். 1924இல் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையாகத் தொடங்கி, பர்மா ஆயில் கம்பெனி கொடுத்த பணத்தில் தனிக் கல்லூரியாகி, 1961இல் சோவியத் உதவியோடு ரங்கூன் ஜோகோனில் கட்டிய வளாகத்துக்கு வந்து, 1964இல் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து ஆர்.ஐ.டி. (ரங்கூன் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஆனது. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகலோடு மைனிங்கும் மெட்டலர்ஜியும் டெக்ஸ்டைலும் எதற்கு என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. நம்துவில் சுரங்கம், சிரியத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு, தமயினில் நூற்பாலை; அந்த நாட்டுக்கு எந்த ஆட்கள் வேண்டுமோ அந்தத் துறைகளை வைத்தார்கள்.

அந்த 1964 எங்கள் வீட்டை வேறு விதமாகத் தொட்டது. கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அப்பா கணக்கெழுதிய மொகல் தெருக் கடையும் கைமாறியது, அப்புறம் சித்தப்பா குடும்பம், அத்தை குடும்பம் என்று வரிசையாகக் கப்பலேறிவிட்டார்கள். பையன் படிப்பு முடியட்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றதால் நாங்கள் மட்டும் தங்கினோம். கம்பை ஸ்டேஷனில் ரயிலேறி ஜோகோனில் இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தைரியம் வரும். உள்ளே யாரும் என்னிடம் எப்போது போகப்போகிறாய் என்று கேட்டதில்லை.

வெளியில் கேட்டார்கள். நகரத்தில் ஓர் அலுவலகத்தில் ஒரு காகிதத்துக்காக நின்றபோது, வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் என் விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டு, “உன் கப்பல் எப்போ, கலா?” என்றார் அங்கிருந்தவர்; இந்தியர்களை இளக்காரமாகக் கூப்பிடும் சொல் அது. பின்னால் சிலர் சிரித்தார்கள். அதற்காக அலைந்ததில் லெவலிங், அதாவது நிலத்தின் உயரம் அளக்கும், பிராக்டிகல் தவறிப்போனது. ஏன் வரவில்லை என்று ஸயா கேட்க, சொல்லிவிட்டேன். மறுநாள் பர்மியர்கள் மரியாதைக்கு அணியும் தைப்பொன் சட்டை போட்டுக்கொண்டு அவரே வந்தார். எனக்கு முன்னால் போகாமல் என் பக்கத்திலேயே வரிசையில் நின்றார். முறை வந்ததும், “இவன் என் மாணவன்” என்று மட்டும் சொன்னார். காகிதம் கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமை விட்டுப்போன பிராக்டிகலைச் செய்யச் சொன்னார். ஆள் இல்லாததால் ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் நின்றவர் அவர்தான். நான் லெவல் கருவியில் கண்ணை வைத்துப் படிக்கிறேன், அவர் அசையவில்லை, நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை. ஃபீல்டு புக்கில் ரப்பர் படக்கூடாது என்பது அவர் சட்டம், உங்களுக்கு நினைவிருக்கும்: தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து மேலே சரியானதை எழுத வேண்டும், அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். உயரம் தெரிந்த குறியான பெஞ்ச் மார்க்கில் புறப்பட்டு, அதற்கே திரும்பி வந்து கணக்கு ஒத்துப்போய் மூடும்வரை அவர் நிழலுக்குப் போகவில்லை.

பட்டம் வாங்கி ஐராவதி டெல்டாவில் மௌபின் பக்கம் சாலை வேலையில் இருந்தேன். 1982இல் வந்த குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று வகையாகப் பிரித்தது. முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்குப் பொறியியலும் மருத்துவமும் எட்டாமல் போயின. நான் படித்த இடத்தில் என் பிள்ளைகள் படிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் கிளம்ப முடிவெடுத்தோம். சொல்லிக்கொள்ளப் போனபோது ஸயா தடுக்கவில்லை. “பாதியில் நிற்கிற அந்தப் பாலத்தை யாரிடம் ஒப்படைத்தாய்?” என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். சரி என்றார்.

1988 மார்ச் 13 அன்று அந்த வளாகத்துக்குள்ளேயே மாணவன் போன் மாவ் சுடப்பட்டு இறந்த செய்தியை நான் சிட்னியில் கேட்டேன். பிறகு பெயர்கள் மாறின, பல வருடங்கள் அங்கே இளநிலை வகுப்பே நடக்கவில்லை, 2012இல்தான் மறுபடி பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அத்தனையையும் ஸயா அங்கேயே இருந்து பார்த்தார். இந்த ஊரில் எத்தனையோ வடிகால்களுக்கு நான் லெவல் எடுத்திருக்கிறேன், இங்கே அதற்கு ஆள் பஞ்சமே இல்லை. மௌபினில் இருந்தது. பிள்ளைகளுக்காகத்தான் வந்தேன், அதில் வருத்தமில்லை, ஆனால் அந்தப் பாலத்தையாவது முடித்துவிட்டு வந்திருக்கலாம்.